தளபதியின் ஒன்பதாம் அத்தியாயம்

அத்தைக்கு அந்தப் பாகிஸ்தான் தளபதியை முதல் அத்தியாயத்திலேயே பிடித்துப்போய்விட்டது. எனக்குத்தான் பிடிக்கவில்லை. தன் கதையை எழுத உட்கார்ந்த மனிதர் தாத்தாவின் குதிரையிலிருந்து ஆரம்பித்து, அந்தக் குதிரையின் நிறத்துக்கே ஒன்றரைப் பக்கம் எடுத்துக்கொண்டால் மொழிபெயர்ப்பவளுக்குக் கோபம் வராதா? எனக்கு வந்தது. அத்தையோ, "பாவம், குதிரைமேல ஆசை. இருந்துட்டுப் போறது" என்றாள்.

புத்தகத்தை என்னிடம் தள்ளிவிட்டவர் தி.நகர் பதிப்பாளர். பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு மாடியில் அலுவலகம். திருநெல்வேலிப் பக்கத்து ஜவுளிக்கடைக் குடும்பம்; இவர் ஒருவர்தான் துணியை விட்டுக் காகிதத்துக்கு வந்தவர். "அக்கா, பாகிஸ்தான்ல மூணு நட்சத்திர ஜெனரலா இருந்து ரிட்டயர் ஆனவரு. இங்கிலீஷ்ல எழுதுன சுயசரிதை. உரிமை வாங்கியாச்சு. எதிராளி என்ன சொல்லுதான்னு பாக்கவே நம்மாளுக வாங்குவாங்க. புத்தகக் கண்காட்சிக்குள்ள வந்துரணும்" என்றார். முப்பது வருடம் மத்திய அரசு அலுவலகத்தில் சுற்றறிக்கைகளைத் தமிழாக்கி ஓய்வு பெற்றவள் நான். ஒரு தளபதியைத் தமிழாக்குவது அதைவிடக் கஷ்டமாகவா இருக்கப்போகிறது என்று ஒப்புக்கொண்டேன்.

என் தமிழில் இன்னும் சுற்றறிக்கை வாடை அடிக்கும். அதற்கு வைத்தியம் அத்தைதான். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் அவள் மயிலாப்பூரிலிருந்து பறக்கும் ரயில் பிடித்து அடையாறில் இருக்கும் என் வீட்டுக்கு வருவாள். நான் அந்த வாரம் மொழிபெயர்த்ததைச் சத்தமாகப் படிப்பேன். அவள் எதிரே உட்கார்ந்து எனக்குக் காய் நறுக்கித் தருவாள். கத்தி ஓடிக்கொண்டிருந்தால் வாக்கியம் சரி. நின்றால் ஏதோ இடிக்கிறது என்று அர்த்தம். "யாருடி இப்படிப் பேசுவா?" என்று ஒரு கேள்வி வரும். நான் பேனாவை எடுத்துத் திருத்துவேன்.

அத்தை என் அப்பாவின் கடைசித் தங்கை. எழுபது தாண்டிவிட்டாள். அவளுக்குக் கல்யாணமான வருடம்தான் எழுபத்தொன்றாம் வருடப் பாகிஸ்தான் போர் வந்தது. அவள் கணவர், என் அத்திம்பேர், ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்தார். பஞ்சாப் எல்லையில் ஒரு கால்வாய்க் கரையில் அவருடைய குழு சிதறியதில் அவரைக் காணவில்லை என்று தந்தி வந்தது. இறந்தார் என்று இல்லை, காணவில்லை என்று. உடலும் வரவில்லை, கைதிகள் பட்டியலிலும் அவர் இல்லை. பல வருடம் கழித்து, இறந்ததாகக் கருதப்படுகிறார் என்று ஒரு கடிதமும் பென்ஷனும் வந்தன.

"பென்ஷன் அவா குடுக்கறா, வாங்கிக்கறேன். தாலி அவா கட்டலை. அவா சொல்லிக் கழட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள் அத்தை. பன்னிரண்டு வருடம் ஆனபோது புக்ககத்தார் சாஸ்திரிகளோடு வந்தார்கள். தர்ப்பையில் உருவம் செய்து காரியம் பண்ணிவிடலாம், வருஷா வருஷம் திதி கொடுக்கலாம் என்றார்கள். அவர்களுக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டாள். அதன்பிறகு சுமங்கலிப் பிரார்த்தனைக்குச் சிலர் கூப்பிடுவார்கள், சிலர் அவளைக் கண்டதும் மஞ்சள் கிண்ணத்தை நகர்த்திக்கொள்வார்கள். தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, குளத்துக்குப் பக்கத்தில் ஓர் அடுக்ககத்தில் தனியாக இருக்கிறாள். ஐம்பது வருடத்துக்கு மேலாக அவள் யாரென்று அவளுக்கே தெரியாது என்பதுதான் உண்மை. காத்திருக்கிற மனைவியா, விதவையா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை இது. அத்தை புகுமுக வகுப்பில் கணக்கில் தோற்றவள். அதனால்தான் சீக்கிரம் கல்யாணம் செய்துவைத்தார்கள். அத்திம்பேருக்குக் கணக்கென்றால் உயிர். நீ மறுபடி எழுதித் தேறியே ஆகணும் என்று சொல்லி, எல்லையிலிருந்து எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் மூன்று நான்கு கணக்குப் போட்டு அனுப்புவார். இவள் இன்லண்டு கடிதத்தில் விடையெழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். "ஆசையா ரெண்டு வார்த்தை எழுதுவார்னு பிரிச்சா, ரெண்டு ரயில் எதிர் எதிரா வரும்" என்பாள். ஒரு பிறந்த நாளுக்கு மட்டும் வட்டிக் கணக்குக்குக் கீழே ஏதோ எழுதியிருந்தாராம். அதை மட்டும் யாருக்கும் காட்டியதில்லை.

தளபதி புத்தகத்தின் பொருளடக்கத்தை நான் முதல் நாளே படித்துக் காட்டியிருந்தேன். அப்போது அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"யுத்தம் எத்தனாவது அத்தியாயம்?"

"ஒன்பது, அத்தை."

தலையை ஆட்டிவிட்டு பீன்ஸ் நாரெடுக்க ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

வாரங்கள் ஓடின. தளபதியும் வளர்ந்தார். கால்வாய் வெட்டிக் குடியேற்றிய ஊர் ஒன்றில் நிலக் கணக்குப் பார்க்கும் சிற்றூழியரின் ஆறாவது பிள்ளை. மூன்று அண்ணன்கள் போட்டுக் கிழித்த சட்டையில் பள்ளிக்கூடம் போனவர். ராணுவப் பயிற்சிக் கழகத்தில் முதல் அணிவகுப்பிலேயே வெயிலில் மயங்கி விழுந்திருக்கிறார். அதைக் கேட்டு அத்தை, "அம்மா ஒண்ணுமே சாப்பிடக் குடுக்காம அனுப்பிட்டா போலருக்கு" என்று கவலைப்பட்டாள். மேலதிகாரியிடம் நல்ல பெயர் வாங்க அவர் பட்ட பாட்டைப் படித்தபோது, எனக்கு என் அலுவலகத்து டெபுடி டைரக்டர்கள் எல்லாரும் வரிசையாக ஞாபகம் வந்தார்கள். சீருடையைக் கழற்றிவிட்டால் உத்தியோகம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். கொஞ்சம் கொஞ்சமாக எனக்கும் மனிதரைப் பிடிக்க ஆரம்பித்தது.

எட்டாம் அத்தியாயம் முடிந்தது. ஒரு புதன்கிழமை காலை ஒன்பதைத் திறந்தேன்.

அப்போது அவர் கேப்டன். சண்டை தொடங்கிய சில நாளில் அவருடைய ஆட்கள் கால்வாய்க் கரையில், வயிற்றில் குண்டுச் சிதறல் பாய்ந்த ஓர் இந்திய வீரரைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். கறுத்த, ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் ஒரு கடிதம். யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து. நடுநடுவே எண்கள், வரிவரியாக, கூட்டியும் வகுத்தும். பிடிபட்டவரோ சிக்னல் பிரிவு. கேப்டனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போகிறது. இது சங்கேதம்! ராணுவ அடையாள வில்லையையும் கடிதத்தையும் ஒரே உறையில் போட்டு, 'ரகசியம்' என்று எழுதி, தலைமையகத்துக்கு ஆள் மூலம் அனுப்பிவிடுகிறார்.

பிறகு விசாரிக்கிறார். கைதி வலியோடு ஆங்கிலத்தில் சொல்கிறார்: "சார், அது என் மனைவியின் வீட்டுப்பாடம். மூன்றாவது தப்பு."

நான் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தேன். எழுந்து போய் முகம் கழுவினேன். மிச்சத்தைப் படிக்க அன்று மதியமாகிவிட்டது.

கேப்டன் முதலில் நம்பவில்லை. மறுநாள் கைதி அந்த மூன்றாவது கணக்கை வாய்விட்டுச் சொல்கிறார். ஒரு தொட்டி, நிரப்ப ஒரு குழாய், காலி செய்ய ஒரு குழாய். கேப்டன் பென்சில் எடுத்துப் போட்டுப் பார்க்கிறார். அனுப்புவதற்கு முன் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்த எண்களோடு ஒப்பிடுகிறார். கைதி சொன்னது சரி. விடை தப்புத்தான், சங்கேதம் இல்லை. உடனே தலைமையகத்துக்குத் தொலைபேசியில் சொல்லப் பார்க்கிறார். அந்தப் பக்கம் மேஜர் குறுக்கே பேசுகிறார்: கடிதம் மேலே போய்விட்டது, உன் சுறுசுறுப்பைப் பற்றி பிரிகேடியரே பாராட்டிவிட்டார், இனி வாயைத் திறக்காதே. கேப்டன் வாயைத் திறக்கவில்லை. அவருடைய பணிப் பதிவேட்டில் ஏறிய முதல் நல்ல குறிப்பு அதுதான் என்று தளபதி எழுதுகிறார்.

சாலையெல்லாம் குண்டு விழுந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லை. நான்காம் நாள் காலை கைதி இறந்துபோனார். அடையாள வில்லை அந்த ரகசிய உறைக்குள் போய்விட்டதால், இறந்தவர்கள் பட்டியலில் அவர் ஏறவே இல்லை. போருக்குப் பிறகாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் பழைய மௌனம் வெளியே வரும், பதவி உயர்வு நிற்கும். மேஜர் ஆகட்டும், சொல்லலாம் என்று இருந்தார். பிறகு கர்னல் ஆகட்டும் என்று இருந்தார். மூன்று நட்சத்திரம் வந்தபோது சொன்னால் கேட்பதற்கு யாரும் இல்லை. கைதியின் நீளமான பெயரை மனத்துக்குள் பலவிதமாகத் திரித்துச் சொல்லிச் சொல்லி எது சரி என்றே தெரியாமல் போய்விட்டதாம். அவரை 'மாஸ்டர்' என்றுதான் எழுதியிருந்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. இந்த மனிதருக்காகவா வெயிலில் மயங்கியபோது இரக்கப்பட்டோம்?

வெள்ளிக்கிழமை அத்தை வந்தாள். நான் பத்தாம் அத்தியாயத்தை எடுத்துப் படித்தேன். பத்து முழுக்க ராணுவக் கல்லூரியும் கோல்ஃபும். கத்தி நின்றது.

"ஒன்பது?"

"பதிப்பாளர் எடுத்துட்டார், அத்தை. ஏதோ ராணுவ சமாசாரம். வம்பு வேண்டாம்னு சொல்லிட்டார்."

"சரி" என்றாள். மிச்சக் காயை நறுக்கிவிட்டு, காப்பி வேண்டாம் என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள். அடுத்த செவ்வாய் வரவில்லை. முழங்கால் வலி என்றாள். அந்த வெள்ளியும் வரவில்லை.

நான் என்ன நினைத்து மறைத்தேன் என்று இப்போது யோசித்தால் எனக்கே சரியாகப் பிடிபடவில்லை. தெரியாமல் இருக்கும்வரை அவர் எங்கோ இருக்கிறார், தெரிந்துவிட்டால் இந்த வயதில் அவளை விதவையாக்குவது நானாக இருப்பேன் என்று பயந்தேன். அதைவிட, அவள் கடிதத்தால்தான் செய்தி தொலைந்தது என்பதை என் வாயால் எப்படிச் சொல்வேன்? அப்படியே விட்டுவிட்டிருப்பேனோ என்னவோ. பதிப்பாளர் கூப்பிட்டார்.

"அக்கா, ஒம்பதாவது அத்தியாயத்த மொதல்ல குடுங்க. பத்திரிகையில கேக்காங்க. புத்தகம் வாரதுக்கு முன்ன அத மட்டும் போட்டுருவோம்."

பத்திரிகையில் வந்தால் அத்தை படிப்பாள். அவள் பத்திரிகையை மேலட்டையிலிருந்து கடைசிப் பக்கம்வரை படிக்கிறவள். மறுநாள் காலை காகிதங்களை எடுத்துக்கொண்டு நானே மயிலாப்பூர் போனேன்.

கதவைத் திறந்தவள் என் கையைப் பார்த்தாள். "கொண்டு வந்துட்டியா? பொய் சொல்றச்சே கண்ணாடியைத் துடைச்சிண்டே இருந்தே. அப்பவே தெரிஞ்சுடுத்து. நீயா வரட்டும்னு இருந்தேன்" என்றாள். கூடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். கையில் கத்தி இல்லை, காய் இல்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

படித்தேன். 'மூன்றாவது தப்பு' என்ற இடம் வந்தது. அவள் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள்.

"தொட்டிக் கணக்கா?"

"ஆமாம், அத்தை."

"எனக்கு அப்பவே சந்தேகம்" என்றாள். சிரித்த மாதிரிதான் இருந்தது. பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் போகவில்லை. போனால் திட்டுவாள். கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மேல படி" என்றாள்.

முடித்ததும் அவள் கேட்டது நான் பயந்த கேள்வியேதான். "அப்போ என் கடுதாசியாலதான் அவர் காணாமப் போனாரா?"

"இல்லை" என்று கத்திவிட்டேன். "அந்தக் கோழையால. ஒரு போன் பண்ணப் பயந்து, ஐம்பது வருஷம் நட்சத்திரம் நட்சத்திரமா குத்திண்டு திரிஞ்சானே, அவனால." இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவரைத் தமிழில் கொண்டுவந்ததற்காக என்னையே திட்டிக்கொண்டேன். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடப் போகிறேன் என்றேன்.

அத்தை முழுவதும் கேட்டாள். "அவனுக்கு அப்போ என்ன வயசு இருக்கும்? இருபத்தஞ்சா? மேல இருக்கிறவன் வாயை மூடுன்னா மூடிட்டான். நீ உன் ஆபீஸ்ல மூடினதே இல்லையா?" என்றாள். என் கையிலிருந்த காகிதத்தைக் காட்டி, "நீயே என்கிட்ட ரெண்டு வாரம் மூடிண்டுதானேடி இருந்தே" என்றாள்.

நான் காகிதங்களைத் திரும்ப அடுக்க ஆரம்பித்தேன்.

"அந்தக் கடைசிப் பக்கத்தை இன்னொரு தடவை படி. மெதுவா."

அத்தியாயத்தின் கடைசிப் பக்கம் இது. கால்வாய்க் கரையில் மாஸ்டரின் உடலை என்ன செய்வதென்று கேப்டனுக்குத் தெரியவில்லை. பிரிவினையில் இந்தப் பக்கத்திலிருந்து போன வயதான சுபேதார் ஒருவர், இந்துக்களை எரிக்க வேண்டும் என்று சொல்கிறார். புகை தெரிந்தால் விமானம் வரும். ஆகவே குழி வெட்டுகிறார்கள். சுபேதார் சொன்னபடி கேப்டன் தன் குடுவையிலிருந்து மூன்று முறை தண்ணீர் விடுகிறார். அவர்களுடைய சந்திர மாதக் கணக்கில் அன்று என்ன நாள் என்று குறித்துக்கொள்கிறார். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் அந்த நாளில், எந்த ஊரில் எந்தப் பதவியில் இருந்தாலும், ஒரு பெரிய அண்டா நிறைய மஞ்சள் நிற இனிப்புச் சோறு சமைத்து ஏழைகளுக்குப் போடுகிறார். மனைவி யாருக்காக என்று கேட்டால், ஒரு கணக்கு வாத்தியாருக்காக என்பாராம். ஓய்வு பெற்று ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருக்கும் இப்போதும் நிறுத்தவில்லை.

அத்தை கண்ணை மூடிக் கேட்டாள்.

"காரியம் வேண்டாம்னு திருப்பி அனுப்பினேனோல்லியோ, அன்னிக்கு என் மாமியார் வாசல்ல நின்னுண்டு, என் பிள்ளையைப் பட்டினி போட்டுட்டியேன்னு சொல்லிட்டுப் போனா. திதி குடுக்கலேன்னா அவாளுக்கு அங்கே சாப்பாடு இல்லைன்னு சொல்லுவாளே, அது. நான் பெரிய வீராப்பா, உயிரோட இருக்கறவருக்கு எதுக்குத் திதின்னு கேட்டேன். ஆனா ஒவ்வொரு நாளும் சாதம் பிசையறச்சே அவ சொன்னது காதுல விழும். ஒருவேளை செத்துப்போயிருந்தா, பசியோட இருப்பாரோ? யார்கிட்டச் சொல்வேன் இதை?"

இத்தனை வருடம் எங்கள் யாருக்கும் அவள் இதைச் சொன்னதில்லை. எங்களுக்குத் தெரிந்த அத்தை பிடிவாதக்காரி, அவ்வளவுதான். எனக்கு வெட்கமாக இருந்தது.

"பசியோட இல்லை" என்றாள். "ஒரு வருஷம்கூட இல்லை."

அன்று மாலையே சாஸ்திரிகளைத் தொலைபேசியில் பிடித்தாள். தளபதி குறித்திருந்த சந்திர நாளைச் சொன்னதும் அவர் பழைய பஞ்சாங்கம் பார்த்துக் கார்த்திகை மாதம் தேய்பிறை அஷ்டமி என்றார். அவர்களும் நிலாவைத்தான் பார்க்கிறார்கள், நாமும் நிலாவைத்தான் பார்க்கிறோம். கணக்கு இடறாமல் வந்து சேர்ந்தது. இத்தனை நாள் கழித்து எப்படித் தெரிந்தது என்று சாஸ்திரிகள் கேட்டார். "மிலிட்டரிலேர்ந்து எழுதியிருக்கா" என்றாள். எந்த மிலிட்டரி என்று அவரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. திதி கொடுக்க என் தம்பி ஒப்புக்கொண்டான்.

தாலியை அவளே கழற்றினாள். யாரையும் கூப்பிடவில்லை. மறுநாள் நான் போனபோது கழுத்து வெறுமையாக இருந்தது, நெற்றியில் குங்குமம் இருந்தது. என் பார்வையைப் பார்த்துவிட்டு, "பொட்டு என்னோடது. கல்யாணத்துக்கு முன்னாடியே வெச்சுண்டிருந்தேன்" என்றாள். இதற்குமேல் அதைப் பற்றிப் பேச அவள் யாருக்கும் இடம் கொடுக்கவில்லை.

பதிப்பாளரிடம் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. "அக்கா, இத வெளிய சொன்னா புத்தகம் பிச்சுக்கிட்டுப் போவும்" என்றார். பிறகு, "வேண்டாம். அம்மா சரின்னு சொன்னா மட்டும் பாப்போம்" என்றார். அம்மா வேண்டாம் என்றாள். எனக்கு மட்டும், யார் பெயரும் போடாமல் ஒருநாள் எழுதிக்கொள் என்று உத்தரவு கிடைத்தது.

தளபதிக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றாள் அத்தை. அவள் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் தட்டினேன். பெரிதாக ஒன்றும் இல்லை. மாஸ்டரின் மனைவி நான். உங்கள் புத்தகத்தைப் படித்தேன். தண்ணீர் விட்டதற்கு நன்றி. சொல்லாமல் இருந்ததற்கு எனக்குக் கோபம் உண்டு, அது போக நாளாகும். அப்புறம் கடைசியாக ஒரு வரி: இந்த வருடத்திலிருந்து அவருக்கு நான் செய்கிறேன், இனி நீங்கள் செய்ய வேண்டாம்.

அந்தக் கடைசி வரியைத் தட்டும்போது எனக்கு மனம் நிறைந்திருந்தது. அவளுடையது அவளிடம் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலை பதிப்பாளர் மூலமாக அனுப்பிவிடுவதாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

காலையில் நான் பல்கூடத் தேய்க்கவில்லை, தொலைபேசி அடித்தது. அத்தைதான்.

"அனுப்பிட்டியா?"

"இன்னும் இல்லை, அத்தை."

"கடைசி வரியை எடுத்துடு."

"ஏன்?"



"நான் எத்தனை வருஷம் பண்ணிடப்போறேன்? ஐம்பது வருஷமாப் போட்டிண்டிருக்கான், அவனும் போடட்டும்" என்றாள். "அவர் ரெண்டு பேர் ஆத்துலயும் சாப்பிடட்டும்."